கூச்ச சுபாவம் உள்ள குழந்தைய எப்படி வளக்கலாம்: மூளையில நடக்குறதும் வீட்ல நாம பண்ண வேண்டியதும்

வீட்ல இருக்குறப்போ ஆட்டம் பாட்டம்னு ரகளை பண்ற குழந்தை, சொந்தக்காரங்க நாலு பேர் வந்து உக்காந்தா போதும், அம்மா பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும், பேர் என்னன்னு கேட்டா தரைய பாக்கும், ஸ்கூல் ஆண்டுவிழால மேடை ஏறி கூட்டத்த பாத்ததும் அழுதுடும். இப்படி ஒரு பிள்ளை உங்க வீட்ல இருந்தா இது உங்களுக்காகத்தான். "பயந்தாங்கொள்ளி", "வெளிய வந்தா ஊமை", "செல்லம் குடுத்து கெடுத்து வச்சிருக்கீங்க", எல்லாத்தையும் கேட்டு முடிச்சிருப்பீங்க. இதுல செல்லம் குடுத்து கெடுத்ததுங்குறது பெரும்பாலும் தப்பு, ஏன்னா இந்த சுபாவத்தோட ஆரம்பம் குழந்தை பேசுறதுக்கு முன்னாடியே, கைக்குழந்தையா இருக்கும்போதே தெரிய ஆரம்பிச்சிடும். ஆனா அது வளந்து எப்படி ஆகுதுங்குறதுல வீட்டுக்கு பெரிய பங்கு இருக்கு, அந்த பங்கு என்னன்னுதான் இங்க சொல்லப் போறேன்.

நம்ம வீடுகள்ல நடக்குறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, "போ, போய் பேசு, என்ன கடிச்சா தின்னுடுவாங்க"ன்னு முதுகுல கை வச்சு தள்ளி விடுறது. இன்னொண்ணு, பாவம் பிள்ளை பயப்படுதேன்னு விசேஷத்துக்கே கூட்டிட்டு போகாம, கேக்குற கேள்விக்கெல்லாம் நாமளே பதில் சொல்லி மறைச்சு வச்சுக்குறது. ரெண்டுமே பாசத்துல பண்றதுதான், ரெண்டுமே பயத்த வளத்து விடும். நடுவுல ஒரு வழி இருக்கு, அதுக்கு பொறுமை ஜாஸ்தி வேணும்.

முதல்ல இது எங்கருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க

அமெரிக்காவுல அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ்னு டாக்டர் தம்பதி, 1956ல நியூயார்க்ல நூத்துக்கும் மேல குழந்தைங்கள கைக்குழந்தையிலருந்தே பின்தொடர்ந்து பாக்க ஆரம்பிச்சாங்க. அந்த காலத்துல பிள்ளைக்கு எந்த பிரச்சனை வந்தாலும் அம்மா தலையில பழி போடுறதுதான் அங்க வழக்கம். இவங்க சொன்னது வேற, குழந்தைங்க பிறக்கும்போதே ஒரு சுபாவத்தோட வர்றாங்க, சுமார் 40 சதவீதம் பேர் எதுக்கும் ஈசியா ஒத்துப்போறவங்க, 10 சதவீதம் பேர் எடுத்ததுக்கெல்லாம் அழுது அடம் பிடிக்குறவங்க, 15 சதவீதம் பேர் புதுசு எதுவா இருந்தாலும் முதல்ல பின்வாங்கி, மெதுவா பழகுறவங்க, மீதி பேர் கலவை. நம்ம ஆளு அந்த 15 சதவீதத்துல வர்றவர்.

அதுக்கப்புறம் ஹார்வர்ட்ல ஜெரோம் கேகன் இன்னும் உள்ள போய் பாத்தார். 4 மாச குழந்தைங்க முன்னாடி கலர் பொம்மைகள ஆட்டி, டேப்ல முன்னபின்ன கேக்காத குரல போட்டு, பஞ்சுல ஒரு புது வாசனைய தொட்டு மூக்கு கிட்ட கொண்டு போனாங்க. சுமார் 20 சதவீத குழந்தைங்க கை காலெல்லாம் உதறி, முதுக வளைச்சு, அழுதுட்டாங்க. சுமார் 40 சதவீதம் பேர் எதுவுமே நடக்காத மாதிரி பாத்துக்கிட்டு படுத்திருந்தாங்க. அந்த உதறி அழுத பிள்ளைங்கதான் பின்னாடி ரெண்டு வயசுல புது ஆளுங்கள கண்டா ஒதுங்குறவங்களா ஆக அதிக வாய்ப்பு இருந்துச்சு. 4 மாசத்துல யார் என்ன செல்லம் குடுத்து கெடுத்திருக்க முடியும், சொல்லுங்க.

மூளைக்குள்ள காதுக்கு நேரா ஆழத்துல ரெண்டு பக்கமும் அமிக்டலான்னு ஒரு சின்ன பகுதி இருக்கு, பாதாம் பருப்பு சைஸ்ல. புதுசா ஒண்ணு வந்தா இது ஆபத்தா இல்லையான்னு முதல்ல உஷாராகுறது அதுதான். இந்த பிள்ளைங்களுக்கு அது சீக்கிரமா, பலமா உஷாராகுது. உடனே நெஞ்சு படபடக்கும், உடம்பு விறைக்கும், தொண்டை இறுகும், அதனாலதான் பேச்சு வரமாட்டேங்குது. "வாய தொறந்து ஒரு வணக்கம் சொல்ல என்ன கேடு"ன்னு நமக்கு தோணும், அந்த நிமிஷத்துல அந்த உடம்புக்கு அது நிஜமாவே முடியாத காரியம். 2003ல வெளியான ஒரு ஆராய்ச்சில, ரெண்டு வயசுல ஒதுங்கி இருந்தவங்கள 20 வயசு தாண்டின பிறகு ஸ்கேன் எடுத்து பாத்தப்போ கூட, முன்ன பாக்காத முகத்த காட்டினா அவங்க அமிக்டலா மத்தவங்கள விட அதிகமா வேலை செஞ்சுது.

இத படிச்சிட்டு அய்யோ அப்ப மாறவே மாறாதான்னு பயந்துடாதீங்க. அதே கேகன் பாத்த இன்னொரு விஷயம், அப்படி பிறந்த குழந்தைங்கள்ல சின்ன பங்குதான் பெரிய வயசு வரைக்கும் ரொம்ப பயந்தவங்களாவே இருந்தாங்க, பாதிக்கு மேல நடுவுல எங்கயோ வந்து சேந்துட்டாங்க. ரொம்ப துணிச்சலான, எதுக்கும் அஞ்சாத ஆளா மாறினது அரிதுதான். அதனால உங்க எதிர்பார்ப்ப இங்கயே சரி பண்ணிக்கோங்க, உங்க பிள்ளைய மேடையில கலக்குற ஆளா ஆக்கணும்னு இல்ல, பயம் வந்தாலும் தனக்கு வேண்டியத போய் செய்ய முடியுற ஆளா ஆக்கணும், அவ்வளவுதான் குறி. இரட்டைக் குழந்தைங்கள வச்சு பண்ண ஆராய்ச்சிகள்ல சுபாவத்துல மரபணுவோட பங்கு சுமார் 20லருந்து 60 சதவீதம்னு சொல்றாங்க, மீதி இடம் நம்ம கையிலயும் சுத்தி இருக்குறவங்க கையிலயும் இருக்கு.

இன்னொரு விஷயம், அமிக்டலாவ அடக்கி "இரு, ஒண்ணும் இல்ல"ன்னு சொல்ற பகுதி நெத்திக்கு பின்னாடி இருக்கு, ப்ரீஃப்ரன்ட்டல் கார்டெக்ஸ்ம்பாங்க. அது முழுசா வளந்து முடிய 25 வயசு பக்கம் ஆகும். 3 வயசு பிள்ளைகிட்ட அது இன்னும் கட்டிட்டு இருக்குற வீடு மாதிரி. அதனால கொஞ்ச வருஷத்துக்கு அந்த வேலைய வெளியில இருந்து நாமதான் பண்ணிக் குடுக்கணும்.

கொஞ்ச நாள் சும்மா பாருங்க

எதையும் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு வாரம் கவனிங்க. எங்க உறையுது, எத்தன பேர் இருந்தா உறையுது, பெரியவங்களா சின்னப்பசங்களா, சத்தமா கூட்டமா, ஆம்பளைங்கள கண்டா மட்டுமா, புது இடத்துல பழக எவ்வளவு நேரம் ஆகுது. போன்ல நோட் பண்ணி வைங்க. பாதி பேருக்கு இதுலயே ஒரு தெளிவு கிடைச்சிடும், "எல்லாத்துக்கும் பயப்படுறான்"னு நினைச்சிட்டு இருப்போம், பாத்தா அரை மணி நேரம் குடுத்தா தானா இறங்கி விளையாட ஆரம்பிச்சிடுறான், நாமதான் கால் மணி நேரத்துல "சரி வா போலாம், நீ வேஸ்ட்"னு கிளப்பிடுறோம்.

இந்த கவனிக்குற நேரத்துல ஒண்ண ரொம்ப முக்கியமா பாருங்க. நல்லா பழகிட்டு இருந்த பிள்ளை திடீர்னு ஒரு குறிப்பிட்ட ஆளுகிட்ட மட்டும் போக மாட்டேன்னு அழுதா அத கூச்சம்னு தள்ளிடாதீங்க. அந்த ஆள் தாத்தாவா இருக்கட்டும், வாத்தியாரா இருக்கட்டும், வேன் டிரைவரா இருக்கட்டும், பிள்ளைய கட்டாயப்படுத்தி அனுப்பாம தனியா உக்கார வச்சு பொறுமையா கேளுங்க. சந்தேகம் இருந்தா 1098, குழந்தைங்களுக்கான சைல்டு ஹெல்ப்லைன், ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க. அதே மாதிரி வீட்லயே, அம்மாகிட்டயே கண்ணப் பாக்காம இருக்குறது, பேர் சொல்லி கூப்ட்டா திரும்பாதது, பேசிட்டு இருந்த வார்த்தைங்க காணாமப் போறது, இதெல்லாம் கூச்சத்துல சேத்தி இல்ல, குழந்தை டாக்டர்கிட்ட காட்டி காது டெஸ்ட்டும் வளர்ச்சி டெஸ்ட்டும் எடுக்கணும், தள்ளிப் போடக்கூடாது.

நீங்க அமைதியா இருக்குறதுதான் முதல் மருந்து

இது அட்வைஸ் மாதிரி தோணும், ஆனா இதுக்கு பின்னாடி உடம்புக்குள்ள நிஜமா ஒரு வேலை நடக்குது. மினசோட்டா பல்கலைக்கழகத்துல மேகன் கன்னர்ங்குறவங்க குழு 1990கள்ல ஒண்ணரை வயசு குழந்தைங்களுக்கு புதுப்புது பொம்மை, கோமாளி வேஷம்னு பயம் காட்டுற விஷயங்கள வச்சு எச்சில்ல கார்ட்டிசால் அளந்து பாத்தாங்க, அது டென்ஷன் ஆனா உடம்பு சுரக்குற ஹார்மோன். பயந்த சுபாவமும் இருந்து, அம்மாவோட பந்தமும் பலமா இல்லாத குழந்தைங்களுக்குத்தான் அது ஏறுச்சு. அதே அளவு பயந்த சுபாவம், ஆனா அம்மாவ நம்பி ஓடி வர்ற குழந்தைங்க, அவங்களுக்கு ஏறல. முகத்துல பயம் தெரியுது, ஆனா உள்ள உடம்பு நிதானமா இருக்கு. 2014ல அமெரிக்காவுல இன்னொரு ஸ்கேன் ஆராய்ச்சி, பத்து வயசுக்குள்ள இருக்குற பிள்ளைங்களுக்கு அம்மா போட்டோவ காட்டினாலே அமிக்டலாவோட வேகம் குறைஞ்சு, அந்த நெத்திப் பகுதியோட அதுக்கு இருக்குற தொடர்பு பெரியவங்கள மாதிரி ஆயிடுதாம். டீனேஜ் வந்துட்டா இந்த வித்தை வேலை செய்யல. அதனால சின்ன வயசுல நீங்க பக்கத்துல இருக்குறத செல்லம்னு நினைக்காதீங்க, அந்த வயசுல அது மூளைக்கு கிடைக்குற உதவி.

செய்யுறது எப்படின்னா, பிள்ளை உறைஞ்சு நிக்கும்போது முதல்ல நீங்க குனிஞ்சு அது உயரத்துக்கு வாங்க. கைய முதுகுல வைங்க, தள்ளுறதுக்கு இல்ல, சும்மா. நீங்க ரெண்டு மூச்சு மெதுவா இழுத்து விடுங்க. அப்புறம் என்ன நடக்குதோ அத சொல்லுங்க, "நெறைய பேர் இருக்காங்கல்ல, உனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதா, அம்மா இங்கதான் இருக்கேன்." பயத்துக்கு பேர் வச்சு சொல்றது பயத்த கிளப்பி விடுமேன்னு சிலர் நினைப்பாங்க. பெரியவங்கள வச்சு கலிபோர்னியாவுல 2007ல பண்ண ஸ்கேன் ஆராய்ச்சில, உணர்ச்சிக்கு பேர் வைக்கும்போது அமிக்டலாவோட வேகம் குறையுதுன்னுதான் வந்துச்சு. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல"ன்னு மட்டும் சொன்னா பிள்ளைக்கு என்ன புரியும், எனக்கு இருக்கே, இவங்க இல்லங்குறாங்களே, அப்ப எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு.

எப்பவும் இப்படி பொறுமையா இருக்க முடியுமா, முடியாது, ஆபீஸ் முடிஞ்சு பஸ்ல தொங்கிட்டு வர்ற அன்னைக்கு கத்தத்தான் தோணும். அதுக்கும் ஒரு ஆறுதல் இருக்கு. எட்வர்ட் ட்ரோனிக்னு ஒருத்தர் அம்மாவும் கைக்குழந்தையும் ஒருத்தரோட ஒருத்தர் எவ்வளவு நேரம் ஒத்துப்போறாங்கன்னு நுணுக்கமா பாத்தார், நல்லா பாசமா இருக்குற ஜோடிங்க கூட சுமார் 30 சதவீத நேரம்தான் சரியா ஒத்துப்போனாங்க. மீதி நேரம் விலகுறது, திரும்ப சேர்றது, அப்படித்தான் போச்சு. அந்த திரும்ப சேர்றதுதான் குழந்தைக்கு தெம்பு குடுக்குது. அதனால கத்திட்டீங்கன்னா ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி "இன்னைக்கு அம்மா கத்திட்டேன், உனக்கு கஷ்டமா இருந்திருக்கும்ல, சாரி கண்ணு"ன்னு சொல்லி கட்டிப் பிடிச்சுக்கோங்க, அப்பாக்களும்தான்.

கைக்குழந்தையா இருந்து சும்மா சும்மா அழுதுட்டே இருக்குற சுபாவம்னாலும் இதேதான். நெதர்லாந்துல எளிதில எரிச்சலாகி அழுற குழந்தைங்களோட, வசதி குறைஞ்ச வீட்டு அம்மாக்கள வீட்டுக்கே போய் பாத்து, குழந்தை முகத்துல என்ன தெரியுது, எப்ப தூக்கணும், எப்ப விடணும்னு மூணே தடவ சொல்லிக் குடுத்தாங்க. ஒரு வயசு ஆகும்போது, அந்த குழந்தைங்கள்ல அம்மாவோட பலமான பந்தம் இருந்தவங்க எண்ணிக்கை, சொல்லிக் குடுக்காத வீடுகள விட ரெண்டு மடங்குக்கும் மேல. மூணு தடவை சொன்னதுக்கே இவ்வளவுன்னா நம்ம ஊர்ல பிரசவம் முடிஞ்சு வர்ற ஒவ்வொரு வீட்டுக்கும் யாராவது போய் இத சொல்லிக் குடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கு அடிக்கடி தோணும்.

சொந்தக்காரங்க முன்னாடி என்ன சொல்றது

இதுதான் நம்ம ஊர்ல ரொம்ப கஷ்டமான இடம். வீட்டுக்கு வந்த உடனே கன்னத்த கிள்ளுவாங்க, தூக்குவாங்க, "மாமாவுக்கு ஒரு ரைம்ஸ் சொல்லு", "அத்தைக்கு முத்தா குடு", பிள்ளை ஒதுங்கினா "என்னடா இவன் இப்படி இருக்கான், எங்க பேரன் இந்நேரம் மடியில ஏறி உக்காந்திருப்பான்". நமக்கு கூச்சமாயிடும், அந்த கூச்சத்துல "ஆமா அத்தை, இவன் சரியான பயந்தாங்கொள்ளி"ன்னு நாமளே சொல்லிடுவோம். பிள்ளை கேட்டுட்டு நிக்கும். 4 வயசு பிள்ளை தான் யாருன்னு தெரிஞ்சுக்குறதே நாம அத பத்தி அடுத்தவங்ககிட்ட பேசுறத வச்சுத்தான், அதனால இந்த ஒரு பேச்ச மட்டும் இன்னையோட நிறுத்துங்க, மத்ததெல்லாம் மெதுவா கூட பண்ணிக்கலாம்.

அதுக்கு பதிலா ரெடியா ஒரு பதில் வச்சுக்கோங்க. "அவனுக்கு பழக கொஞ்ச நேரம் ஆகும் மாமா, நீங்க உக்காருங்க, காபி கொண்டு வரேன், அவனே வருவான்." சிரிச்சிட்டே சொல்லணும். பெரியவங்கள எதுத்து பேசின மாதிரியும் இருக்காது, பிள்ளைக்கும் ரெண்டு செய்தி போகுது, நம்மள யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க, நாம கொஞ்ச நேரத்துல போவோம்னு அம்மா நம்புறாங்க. முத்தா குடு, மடியில உக்காருன்னு எப்பவும் கட்டாயப்படுத்த வேண்டாம். வணக்கம் சொல்றது மரியாதை, அதுக்கு வாய் தொறக்கணும்னு இல்லையே, கை கூப்பினா போதும், அதுவும் வரலன்னா கையசைச்சா போதும். வர்ற சொந்தக்காரங்ககிட்ட முன்னாடியே போன்ல "பெரியம்மா, வந்ததும் பாப்பாவ தூக்காதீங்க, பக்கத்துல உக்காந்து அவ புக்க நீங்களா எடுத்து பாருங்க, தானா வருவா"ன்னு சொல்லி வைங்க. புது ஆள் பக்கவாட்டுல உக்காந்து, பிள்ளைய நேரா உத்து பாக்காம, வேற எதையாவது கையில வச்சு விளையாடிட்டு இருந்தா பெரும்பாலும் பிள்ளையே கிட்ட வரும்.

படிப்படியா ஏத்துறது, இங்கதான் நிஜமான வேலை

பிள்ளை எதுக்கு பயப்படுதோ அத சின்ன சின்ன படியா உடைச்சு, ஒவ்வொரு படியிலயும் பயம் தானா இறங்குற வரைக்கும் நின்னு, அப்புறம் அடுத்த படி. பயம் உச்சியில இருக்கும்போது தூக்கிட்டு வெளிய ஓடிட்டா மூளை என்ன கத்துக்கும், ஓடினதாலதான் தப்பிச்சோம்னு கத்துக்கும், அடுத்த தடவ பயம் இன்னும் சீக்கிரம் வரும். அங்கயே ஓரமா நின்னு பயம் இறங்கிடுச்சுன்னா, இந்த இடம் ஆபத்து இல்லன்னு கத்துக்கும். அதனால கிளம்புறது எப்பவும் பயம் இறங்கின பிறகு.

தெருமுனை மளிகைக் கடைய எடுத்துக்குவோம். முதல்ல உங்க கூட வந்து நிக்குறது மட்டும், யாரும் எதுவும் கேக்க வேண்டாம். அது சலிச்சு போற அளவுக்கு பழகினதும் அண்ணாச்சிகிட்ட காச நீட்டுறது பிள்ளையோட வேலை. அப்புறம் மிச்ச சில்லறைய கை நீட்டி வாங்குறது. அப்புறம் நீங்க பக்கத்துல நிக்க, "ஒரு பால் பாக்கெட்"னு பிள்ளையே கேக்குறது, சத்தம் வராட்டி பரவால்ல, அண்ணாச்சிகிட்ட முன்னாடியே சொல்லி வச்சா அவர் குனிஞ்சு கேட்டுக்குவார், நம்ம ஊர் கடைக்காரங்க இதுக்கெல்லாம் ரொம்ப நல்லா ஒத்துழைப்பாங்க. அப்புறம் நீங்க ரெண்டடி தள்ளி நிக்குறது, அப்புறம் கடை வாசல்ல. இதுக்கு ஒரு மாசமும் ஆகலாம், மூணு மாசமும் ஆகலாம். ஒரு படியில மாட்டிக்கிட்டா அந்த படி பெருசா இருக்குன்னு அர்த்தம், அத ரெண்டா உடைங்க.

இந்த கடையில நல்லா பேசின பிள்ளை அடுத்த வாரம் கிளினிக்ல திரும்ப உறைஞ்சு நிக்கும், மனசு விட்டுடாதீங்க. பழைய பயம் மூளையிலருந்து அழியுறது இல்ல, அதுக்கு மேல "இங்க பயமில்ல"ன்னு புதுசா ஒரு பாடம் எழுதப்படுது, அந்த பாடம் முதல்ல அந்த ஒரு இடத்தோடயே ஒட்டிக்கிட்டு இருக்கும். பல இடத்துல, பல ஆளுங்களோட திரும்பத் திரும்ப பண்ணாத்தான் பரவும். கடை, லைப்ரரி, பார்க், பக்கத்து வீடு, கோயில்ல அர்ச்சகர்கிட்ட தட்ட நீட்டுறது, எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா.

கல்யாணம் மாதிரி பெரிய கூட்டத்துக்கு தனியா ஒரு ஏற்பாடு வேணும். மண்டபம் நிறைஞ்ச பிறகு உள்ள நுழையுறதுதான் இந்த பிள்ளைங்களுக்கு இருக்குறதுலயே மோசமான விஷயம், அதனால கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே போயிடுங்க. காலி மண்டபத்த சுத்திக் காட்டுங்க, பாத்ரூம் எங்க, சாப்பாட்டு ஹால் எங்க, நாம உக்காரப் போற இடம் எங்க. முந்தின நாளே போன்ல போட்டோ காட்டி "இவங்க சித்தப்பா, இவங்க பையன் உன் வயசு"ன்னு முகங்கள பழக்கி வைங்க. வந்ததும் ஒரு வேலை குடுங்க, வாசல்ல கல்கண்டு தட்ட பிடிச்சிட்டு நிக்குறது, பன்னீர் தெளிக்குறது, தாம்பூலப் பை எடுத்துக் குடுக்குறது. கையில வேலை இருந்தா "என்னடா பேர்"ங்குற கேள்வியெல்லாம் குறைஞ்சிடும், கூட்டத்துல இருக்குற அனுபவமும் கிடைச்சிடும். நடு நடுல வெளிய ஒரு ரவுண்டு கூட்டிட்டு போங்க, போயிட்டு திரும்ப உள்ள வாங்க, திரும்ப வர்றதுதான் முக்கியம்.

சமவயசு பசங்களோட பழக்குறதுக்கு பத்து பேர் விளையாடுற இடத்துல இறக்கி விடாதீங்க. ஒரே ஒரு பிள்ளைய, கொஞ்சம் சாதுவான பிள்ளையா பாத்து, உங்க வீட்டுக்கு கூப்புடுங்க, உங்க பிள்ளையோட இடத்துல, ஒரு மணி நேரம். அந்த ஒரு சிநேகிதம் ஸ்கூல்ல பெரிய பலமா நிக்கும். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துல நேதன் ஃபாக்ஸ் குழு, 4 மாசத்துல பலமா உதறி அழுத குழந்தைங்கள பல வருஷம் பின்தொடர்ந்து பாத்ததுல, முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள வீட்டுக்கு வெளிய மத்த குழந்தைங்களோட வளர வாய்ப்பு கிடைச்சவங்க பயந்த சுபாவத்துலயே நின்னுடுறது குறைவா இருந்துச்சு. நம்ம கூட்டுக் குடும்பம், தெருப் பசங்க, இதெல்லாம் ஒரு காலத்துல இந்த வேலைய தானா பண்ணுச்சு, இப்ப பிளாட்ல கதவ மூடிட்டு இருக்குறப்போ நாமதான் ஏற்பாடு பண்ணணும்.

இந்த படிப்படியா ஏத்துற முறைய பெத்தவங்களுக்கு கத்துக் குடுத்தாலே போதுமான்னு ஆஸ்திரேலியாவுல சிட்னி மெக்குவாரி பல்கலைக்கழகத்துல ரொனால்ட் ரேப்பி குழு சோதிச்சு 2005ல வெளியிட்டாங்க. கூச்ச சுபாவம் அதிகமா இருக்குற, ஸ்கூல் சேராத பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு ஆறு வகுப்பு மட்டும். ஒரு வருஷம் கழிச்சு பாத்தா, வகுப்பு எடுக்காத வீட்டு பிள்ளைங்கள விட இவங்க பிள்ளைங்களுக்கு பதட்ட நோய் குறைவு. பிள்ளைய தனியா உக்கார வச்சு யாரும் எதுவும் பண்ணல, வீட்ல பொத்திப் பொத்தி வளக்குறத குறைச்சாங்க, சின்ன சின்ன தைரியத்துக்கு இடம் குடுத்தாங்க.

பாராட்டும்போது "சூப்பர்டா"ன்னு மண்டபமே திரும்பி பாக்குற மாதிரி கைதட்டாதீங்க, எல்லார் கண்ணும் தன் மேல விழுறதுதான் அதுக்கு பயமே. வீட்டுக்கு வந்த பிறகு தனியா, "அண்ணாச்சிகிட்ட நீயே காசு குடுத்தல்ல, நான் பாத்தேன்". அவ்வளவு போதும்.

அதட்டல் இந்த பிள்ளைக்கு தேவையே இல்ல

கிரசினா கோசான்ஸ்கான்னு ஒரு ஆராய்ச்சியாளர் பல வருஷம் பாத்து கண்டுபிடிச்சது இது. பயந்த சுபாவ பிள்ளைங்களுக்கு நல்லது கெட்டது மனசுல பதியணும்னா மெதுவா எடுத்துச் சொல்றதுதான் வேலை செய்யுது. அதட்டினா அந்த பிள்ளைக்கு உள்ள ஏற்கனவே அடிச்சிட்டு இருக்குற மணி இன்னும் பெருசா அடிக்கும், நீங்க சொன்ன வார்த்தை எதுவும் காதுலயே ஏறாது, அப்பா கோவமா இருந்தார்ங்குறது மட்டும் ஞாபகம் இருக்கும். அதே வீட்ல ரெண்டாவது பிள்ளை எதுக்கும் பயப்படாத வாலா இருந்தா அதுக்கு மெதுவா சொன்னாலும் ஏறாது, அதட்டினாலும் ஏறாது, அந்த மாதிரி பிள்ளைங்க உங்க மேல இருக்குற ஒட்டுதலுக்காகத்தான் கேக்கும், அதனால அதோட சேந்து விளையாடுறது, சிரிக்குறதுன்னு ஒட்டுதல வளத்துட்டே இருக்கணும். ரெண்டு பிள்ளைக்கும் ஒரே மாதிரிதான் நடந்துப்பேன்னு சொல்றது நியாயம் மாதிரி தெரியும், சுபாவம் வேற வேறயா இருக்கும்போது அது சரிப்படாது.

தூக்கம், சாப்பாட்டு நேரம் எல்லாம் ஒழுங்கா இருந்தா பாதி அழுகை குறையும், தூக்கம் கெட்டா பெரியவங்களுக்கே அமிக்டலா தாறுமாறா ஆடும். நாளைக்கு என்ன நடக்கப் போகுதுன்னு ராத்திரியே சொல்லி வச்சிடுங்க.

அமைதியா இருக்குறதே குத்தம்னு ஆக்கிடாதீங்க

தாமஸும் செஸ்ஸும் கடைசியில வந்து நின்ன இடம் பொருத்தம். சுபாவம் தனியா நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல, அது சுத்தி இருக்குற வீட்டோட, ஊரோட எப்படி பொருந்துதுங்குறதுதான் விஷயம். 1990ல ஷாங்காய்ல பள்ளிக்கூட பிள்ளைங்கள வச்சு பாத்தப்போ கூச்ச சுபாவம் உள்ளவங்கள கூட படிக்குறவங்களுக்கும் டீச்சருக்கும் பிடிச்சிருந்துச்சு, அடக்கமான பிள்ளைன்னு. 2002ல அதே ஊர்ல பாத்தப்போ அதே சுபாவத்த யாருக்கும் பிடிக்கல, ஊர் போட்டி உலகமா மாறிடுச்சு. 1970கள்ல கென்யாவுல மாசாய் மக்கள்கிட்ட கடும் பஞ்சம், அங்க ஈசியான குழந்தை, அடம்பிடிக்குற குழந்தைன்னு பிரிச்சு வச்சிட்டு போன ஆராய்ச்சியாளர் திரும்ப வந்து பாத்தா, அவரால கண்டுபிடிக்க முடிஞ்ச வீடுகள்ல ஈசியான குழந்தைங்க 7 பேர்ல 5 பேர் இறந்துட்டாங்க, அடம்பிடிச்சதுங்க 6ல ஒண்ணுதான் போச்சு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு நம்ம ஊர்ல சொல்வாங்கல்ல, அங்க அது உயிர காப்பாத்தியிருக்கு.

நம்ம வீடுகள்ல இதுல இன்னொரு கோணல் இருக்கு. பையன் பேசாம இருந்தா "ஆம்பளப்பிள்ளை இப்படி இருக்கலாமா"ன்னு போட்டு வறுப்பாங்க, பொண்ணு பேசாம இருந்தா "எவ்வளவு அடக்கம்"னு மெச்சிப்பாங்க. ரெண்டு பேருக்கும் உள்ள அதே படபடப்புதான். அடக்கம்னு பேர் வாங்கின பொண்ணுக்கு வகுப்புல பாத்ரூம் போகணும்னு டீச்சர்கிட்ட கேக்க வாய் வராம நாள் முழுக்க அடக்கிட்டு உக்காந்திருக்குறது யாருக்கும் தெரியாது. உங்க பொண்ணுகிட்ட இத கேட்டு பாருங்க, ஸ்கூல்ல டீச்சர் என்ன கேட்டா பதில் சொல்ல முடியுது, தண்ணி வேணும்னா கேக்க முடியுதான்னு.

உங்க சுபாவத்தையும் கொஞ்சம் பாருங்க. படபடன்னு பேசி எங்க போனாலும் பத்து பேர சிநேகிதம் பிடிக்குற அப்பாவுக்கு இந்த பிள்ளை புரியவே புரியாது, வேணும்னே பண்றான்னு தோணும். கூச்ச சுபாவம் உள்ள அம்மாவுக்கு ரொம்ப புரியும், அதனாலயே பொத்தி வச்சுக்கத் தோணும். ரெண்டு பேரும் உக்காந்து பேசி, இந்த மாசம் எந்த படி, யார் கூட்டிட்டு போறதுன்னு முடிவு பண்ணுங்க, பிள்ளை முன்னாடி சண்டை வேண்டாம்.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்

வீட்ல வாய் ஓயாம பேசுற பிள்ளை ஸ்கூல்ல ஒரு வார்த்தை கூட பேசாம ஒரு மாசத்துக்கு மேல ஆனா, ஸ்கூல் சேந்த முதல் மாசத்த விட்டுடுங்க, அதுக்கப்புறமும் அப்படின்னா, அது தானா சரியாகும்னு காத்திருக்காதீங்க. தினமும் ஸ்கூல் போற நேரம் வயித்து வலி, வாந்தி, ராத்திரி தூக்கமே வராதது, சாப்பாடு குறையுறது, முன்ன போன இடத்துக்கெல்லாம் இப்ப போக மறுக்குறது, இதுக்கும் காட்டணும். தமிழ்நாட்டுல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல குழந்தைங்களோட வளர்ச்சிய பாக்குற மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கு, மனநலப் பிரிவும் இருக்கு, காசு இல்லாம பாப்பாங்க. எங்க போறதுன்னே தெரியலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், மத்திய அரசோடது, தமிழ்லயே பேசலாம். போகும்போது அந்த ரெண்டு வாரம் எழுதி வச்ச நோட்டையும், வீட்ல பிள்ளை இயல்பா பேசுற ஒரு வீடியோவையும் எடுத்துட்டு போங்க, ஏன்னா அங்க டாக்டர் முன்னாடி நிச்சயமா வாய தொறக்காது.